பதினாலடிச் சுவர்

ஜனவரி 4

அண்ணி,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுடாதீங்க. கிழிக்கறதா இருந்தா படிச்சுட்டுக் கிழிங்க.

போன் பண்ணிப் பார்த்து ஓய்ஞ்சு போயிட்டேன். நீங்க எடுக்கறதில்ல. அண்ணன் எடுத்தா, "அவ துணி காயப் போட்டுட்டிருக்கா"ங்கறார். ஒன்பது மாசமா ஒருத்தி துணியே காயப் போட்டுட்டிருப்பாளா? அண்ணனுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். பாவம், அவரை விட்டுடலாம். அதான் கடுதாசி.

இங்கே வந்து ஏழு மாசமாச்சு. கம்பெனி என் தலையில முப்பத்தெட்டு லிஃப்ட்டைக் கட்டியிருக்கு. காலையில ஒரு ஆஸ்பத்திரி, மத்தியானம் ஒரு அரசாங்க ஆபீஸ், சாயங்காலம் எவனாவது நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்துவான். நேத்து ஒருத்தர், நான் கதவைத் திறந்து வெளியே எடுத்ததும், என்னைப் பார்த்து, "பொம்பளையா வந்திருக்கீங்க?"ன்னார். "ஆமா, வேணும்னா திரும்ப உள்ளே போங்க, ஆம்பளையை அனுப்பறேன்"னேன். சிரிக்கல. நீங்களா இருந்தா சிரிச்சிருப்பீங்க.

எழுத வந்தது இதில்ல. நம்ம மைதானத்துத் தடைப்போட்டி அறிவிப்பு வந்திருக்கு. ஏப்ரல் இருபது, ஞாயித்துக்கிழமை. அதே ஏழு தடை. சாய்ஞ்ச பலகை, உருளை, வளையம், விளிம்பு, வலை, கயிறு, கடைசியில அந்தப் பதினாலடிச் சுவர். பேர் கொடுக்க இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்தான். கொடுத்துட்டீங்களா?

பதினோரு வருஷம் அண்ணி. நாற்பது வயசுல பார்க்குல குழந்தைங்க தொங்கற கம்பியில நீங்க சும்மா தொங்கிப் பார்த்தீங்க. நாலு செகண்டுல விழுந்தீங்க. மறுநாள் என்னையும் இழுத்துட்டு வந்தீங்க. அங்கே ஆரம்பிச்சது. பதினோரு வருஷத்துல ஆறு தடை உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. அந்தச் சுவர் மட்டும் ஒரு தடவையும் விட்டுக் கொடுக்கல. போன வருஷம் ஏறியிருப்பீங்க. நான்தான் விடல.

அதைப் பத்தி ஒரு தடவை எழுதித்தான் ஆகணும். நீங்க வேலை பார்க்கற லாண்டரியில ஈரத்தரையில வழுக்கி இடது மணிக்கட்டு வீங்கினது போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி. யார்கிட்டேயும் சொல்லாதேன்னு நீங்க சொன்னீங்க. கட்டுப் போட்டு விட்டதே நான்தான். அப்புறம் போட்டியன்னைக்குக் காலையில, உங்க பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, மைதானத்து டாக்டர் கூடாரத்துக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் வந்து உங்க கையை அழுத்தினார். நீங்க கத்தின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. சட்டையில குத்தியிருந்த நம்பர் துணியை அவரே கழட்டிக்கிட்டார். நீங்க என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டீங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் துணி காயப் போட ஆரம்பிச்சீங்க.

உங்க நல்லதுக்குத்தான் பண்ணேன். கை போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?

பேர் கொடுங்க. கோபத்தை என் மேல வெச்சுக்கோங்க, சுவர் மேல வெக்காதீங்க.

உங்க நாத்தனார்,
அணில்

*

ஜனவரி 19

அணிலுக்கு,

கடுதாசி வந்துச்சு. கிழிக்கல. உன் அண்ணன் ரெண்டு தடவை படிச்சுட்டார். துணி காயப் போடற விஷயத்துல அவருக்கு மனத்தாங்கல். இனிமே வேற காரணம் யோசிக்கறேங்கறார்.

பேர் கொடுத்தாச்சு. நீ சொல்லணும்னு காத்திருக்கல.

"உங்க நல்லதுக்குத்தான்"னு எழுதியிருக்கே. அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாதே. என் கை, என் எலும்பு. உடைஞ்சா நான்தான் உடைஞ்ச கையோட லாண்டரியில நின்னிருப்பேன். நீ நின்னிருக்க மாட்டே. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, "நான் சொல்லப் போறேன் அண்ணி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் உன்னை நாலு திட்டு திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும். நீ எனக்குப் பின்னாடி போனே. அது என்ன நல்லதுன்னு எனக்கு இன்னும் புரியல.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி

*

பிப்ரவரி 2

அண்ணி,

உங்க கடுதாசி கையில வந்து நாலு நாளாச்சு. பதில் மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது.

நீங்க கேட்டது சரியான கேள்வி. ஏன் உங்களுக்குப் பின்னாடி போனேன். இத்தனை மாசமா அதுக்கு ஒரு பதில் வெச்சிருந்தேன். நீங்க பிடிவாதக்காரி, சொன்னா கேட்க மாட்டீங்க, அதான்னு. பார்க்கறவங்ககிட்ட எல்லாம் அதைத்தான் சொன்னேன். எல்லாரும், "சரியாத்தான் பண்ணியிருக்கே"ன்னாங்க. சரின்னு சொல்லச் சொல்ல, நான் அடுத்த ஆள்கிட்ட போய்க் கேட்டேன்.

என் வேலையில ஒரு விஷயம் உண்டு. லிஃப்ட் பெட்டி மேல ஏறி நின்னு, கையில டார்ச் வெச்சுக்கிட்டுக் கயிறு இழை இழையா பார்க்கணும். வெளியே இருந்து பார்த்தா கயிறு நல்லாத்தான் இருக்கும். உள்ளே ஒரு இழை அறுந்திருக்கும். நேத்து அப்படி ஒரு கயிறைப் பார்த்துட்டிருந்தேன். கை நின்னு போச்சு. சொல்லிடலாம்னு தோணுச்சு.

போன வருஷம் பயிற்சியில நீங்க ரெண்டு தடவை சுவர் விளிம்பைத் தொட்டீங்க. வீங்கின கையோட. ஞாபகம் இருக்கா? நான் கீழே நின்னு கை தட்டினேன். தட்டிக்கிட்டே மனசுக்குள்ள, "இந்த வருஷம் இவங்க ஏறிடுவாங்க"ன்னு நினைச்சேன். அதுக்கு அடுத்தபடியா இன்னொண்ணும் நினைச்சேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் அந்தச் சுவர் ஏறினேன் இல்லையா? அந்த மைதானத்துல அதை ஏறின ஒரே பொம்பளை நான்தான். அதுக்கப்புறம் என்னாலயே முடியல, வளையத்துலேயே வருஷா வருஷம் தண்ணியில விழறேன். இருந்தாலும் அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் அஞ்சு வருஷமா தலை நிமிர்ந்து நடக்கறேன். புதுசா வர்ற பொண்ணுங்க, "நீங்கதானே அந்த அக்கா"ன்னு கேட்கும்போது எனக்குள்ள ஒரு விளக்கு எரியும்.

டாக்டர் கூடாரத்துக்குப் போகும்போது உங்க கை மேல எனக்குப் பயம் இருந்தது நிஜம். ஆனா அது மட்டும் இருந்திருந்தா உங்ககிட்ட முதல்ல சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துக்குப் பின்னாடி இதுவும் ஒளிஞ்சுக்கிட்டு வந்துச்சு. எது பாதி, எது முக்கால்னு எனக்கே தெரியாது.

இதை எழுதினதுக்கப்புறம் நீங்க பதில் போடலைன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அணில்

*

மார்ச் 20

அணிலுக்கு,

ஏழு வாரம் பதில் போடலைன்னு உன் அண்ணன் தினமும் என் முகத்தைப் பார்க்கறார். உன் கடுதாசியை அவருக்குக் காட்டல. இது நம்ம ரெண்டு பேர் சமாச்சாரம்.

படிச்ச அன்னைக்கு நான் ரொம்பக் கோபமா இருந்தேன். லாண்டரிக்கு வர்ற ஆஸ்பத்திரிப் போர்வை எல்லாம் அன்னைக்கு மாதிரி என்னைக்கும் மடிஞ்சதில்ல. எதிர்ல நின்னு மடிக்கற பொண்ணு, "அக்கா, மெதுவா இழுங்க, நானும் சேர்ந்து வந்துடறேன்"னா. பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னு தோணுச்சு. "உங்க நல்லதுக்கு"ன்னே வெச்சிருந்தா உன்னை முழுசா வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

ரெண்டாவது வாரம் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நீ சுவர் ஏறின அன்னைக்கு உன்னை முதல்ல கட்டிப்பிடிச்சது நான்தான். போட்டோவுல கூட நான்தான் உன் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். உன் அண்ணன் கதவைத் தட்டி, என்னன்னு கேட்டார். கண்ணுல சோப்பு பட்டுடுச்சுன்னேன். ஒரு மணி நேரமா சோப்பு படுமா? அவர் நம்பினார். நம்பின மாதிரி நடிச்சாரோ என்னவோ.

நீ ஓடி வரும்போது, அந்த ரெண்டு செகண்டுல, உன் கால் வழுக்கட்டும்னு நினைச்சேன். நினைச்சதோட சரி. ஆனா நினைச்சேன். இதை நான் யார்கிட்டேயும் சொன்னதில்ல, எனக்கு நானே கூடச் சொன்னதில்ல. நீ எழுதினதைப் படிச்சதுக்கப்புறம்தான் சொல்ல முடிஞ்சது. நீ செஞ்சே, நான் நினைச்சேன். ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா உன்னைத் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்குது.

இது போதும். கை பத்திச் சொல்றேன்.

கட்டுப் பிரிச்சப்போ இடது கையால ஒரு டம்ளர் தூக்க முடியல. எலும்பு டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அதை அழுத்தி அழுத்தி அது செத்தே போச்சு, ரெண்டாவது பந்து வாங்கினோம். அப்புறம் ஈரத்துண்டு பிழியறது. லாண்டரியில அதுக்குக் குறைச்சலா என்ன, பெரிய மிஷின்ல இருந்து ஈரத்துணியை இழுத்து வெளியே போடற வேலையை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். நவம்பர்ல கம்பியில பத்து செகண்டு தொங்கினேன். இப்போ ஒன்றரை நிமிஷம். உன் அண்ணன் டைம் பார்க்கறார். தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, கையில ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு"ன்னு கெஞ்சறார். மணிக்கட்டுக்குப் பட்டை ஒண்ணு அவரே தைச்சுக் கொடுத்தார். ஏழு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சார்.

போன வாரம் டாக்டர்கிட்ட நானே போட்டியைப் பத்திச் சொன்னேன். ஒளிக்கல. அவர் படம் எடுத்துப் பார்த்துட்டு, "எலும்பு கூடிடுச்சு. தாங்கும். ஆனா உடம்பு மொத்தமும் அந்தக் கையில தொங்கினா உயிர் போற மாதிரி வலிக்கும், தெரிஞ்சுக்கோங்க"ன்னார். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிட்டேன். போட்டியன்னைக்கு அந்தக் கூடாரத்துக்கு நானே முதல்ல போய் அந்தக் காகிதத்தைக் காட்டப் போறேன்.

ஒண்ணு கேட்கறேன். நீ வராதே. கோபத்துல சொல்லல. நீ அங்கே நின்னா சுவரைப் பார்க்க மாட்டேன், உன் முகத்தைப் பார்ப்பேன். நீ கை தட்டறியா, உள்ளே நீ என்ன நினைக்கறேன்னு யோசிப்பேன். இந்த ஒரு தடவை நானும் சுவரும் மட்டும் இருக்கட்டும்.

இன்னொண்ணு. பதினோரு வருஷத்துல உன்கிட்ட கேட்காததை இப்போ கேட்கறேன். கேட்டா கௌரவம் போயிடும்னு இருந்தேன். அன்னைக்கு நீ எப்படி ஏறினே?

அண்ணி

*

மார்ச் 29

அண்ணி,

வரமாட்டேன். வாக்கு.

எப்படி ஏறினேன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு நாளா யோசிக்கறேன். வர்ற போற பொண்ணுங்களுக்கெல்லாம் அஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன். அடி எடுத்து வெக்கும்போது சாயாதே, மூணாவது அடியில உந்து, கண்ணை விளிம்புல வெச்சுக்கோன்னு. எல்லாம் கேட்க நல்லாயிருக்கும். உங்களுக்கு அதைச் சொல்ல மனசு வரல. நிஜம் என்னன்னா, எனக்குத் தெரியாது. ஓடினேன். அடுத்தது மேலே இருந்தேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒரு துளி ஞாபகம் இல்ல. தெரிஞ்சிருந்தா மறுவருஷமும் ஏறியிருக்க மாட்டேனா? அதைத் தேடித்தான் வருஷா வருஷம் போய் வளையத்துல விழறேன்.

இந்த ஊர்லயும் மே பதினெட்டு ஒரு தடைப்போட்டி இருக்கு. பேர் கொடுத்திருக்கேன். தனியா போறது இதுதான் முதல் தடவை. காலையில அஞ்சு மணிக்கு ஒரு ஸ்கூல் மைதானத்துல ஓடறேன். கணக்குச் சொல்ல ஆளில்ல. நானே கத்திக்கறேன், வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியா பார்க்கறார்.

குழாய் விஷயம் எழுதினீங்களே. அதை மடிச்சு வெச்சிருக்கேன். படிச்ச அன்னைக்குத் தூங்கினேன். ரொம்ப மாசத்துக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்.

கையை ஜாக்கிரதையா பார்த்துக்கோங்க.

அணில்

*

ஏப்ரல் 24

அண்ணி,

நான் வந்தேன்.

வாக்குக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து, பல்லைத் தேய்ச்சுட்டு, மைதானத்துக்கு ஓடப் போறேன்னுதான் கிளம்பினேன். கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. நாலு மணி நேரம் பஸ்ல, "இறங்கித் திரும்பிடுவோம், இறங்கித் திரும்பிடுவோம்"னே வந்தேன். மைதானத்துல தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னாடி நின்னேன். அண்ணன் பார்த்துட்டார். வாயில விரல் வெச்சேன். அவர் உடனே வானத்தைப் பார்த்தார், அங்கே என்னமோ எழுதியிருக்கற மாதிரி.

மைக்குல உங்களைக் கூப்பிட்டாங்க. அந்த மைக்குக்காரன், "இப்போ நம்ம லாண்டரி அக்கா, வயசு அம்பத்தொண்ணு, பதினோராவது முயற்சி, ஒரு கை தட்டுங்க பார்ப்போம்"னு பாப்பாவுக்குச் சொல்ற மாதிரி சொன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நீங்க காதுலேயே வாங்கல. பட்டையை ஒரு தடவை இறுக்கிக்கிட்டீங்க.

ஆறு தடையையும் நீங்க தாண்டினதைப் பத்தி நிறைய எழுதலாம். எழுதப் போறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். சின்னப் பசங்க எல்லாம் பின்னாடி யாரோ துரத்திட்டு வர்ற மாதிரி ஓடறாங்க. நீங்க அவசரமே படல. வளையத்துல ஒவ்வொண்ணா கை மாத்தினது, போர்வையை ஓரம் பிடிச்சு மடிக்கற மாதிரி இருந்துச்சு. மைக்குக்காரன் நாலாவது தடையிலேயே ஜோக் சொல்றதை நிறுத்திட்டான்.

அப்புறம் சுவர். முதல் ஓட்டத்துல முக்கால் வரைக்கும் போய் சறுக்கினீங்க. ரெண்டாவதுல நாலு விரல் விளிம்புல பட்டுச்சு, நான் பார்த்தேன், பட்டுட்டு வழுக்கிடுச்சு. முகவாய் சுவர்ல தேய்ஞ்சு கீழே வந்தீங்க. ரத்தம். சுவருக்கு மூணு தடவைதான் விடுவாங்க. ஒண்ணுதான் பாக்கி.

நீங்க எழுந்திருக்கல. சுவருக்குக் கீழே மல்லாந்து படுத்துட்டீங்க. உதவிக்கு நிக்கற பையன் ஓடி வந்து குனிஞ்சான். நீங்க ஒரு விரலைத் தூக்கிக் காட்டினீங்க. இருன்னு. அவன் அப்படியே பின்னாடி போயிட்டான். எவ்வளவு நேரம் படுத்திருந்தீங்களோ. என் பக்கத்துல நின்ன ஒருத்தர், "முடிஞ்சுதுப்பா, பாவம், தூக்கிட்டுப் போங்கப்பா"ன்னார். அண்ணி, நான் இதையும் எழுதிடறேன். அந்த நேரத்துல எனக்குள்ள அந்தப் பழைய ஆளைத் தேடிப் பார்த்தேன். நீங்க ஏறிடக் கூடாதுன்னு நினைச்சவளை. அவ இல்ல. மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். இல்ல.

எழுந்தீங்க. வழக்கமா ஓட ஆரம்பிக்கற கோட்டைத் தாண்டி, வலைக் கம்பம் வரைக்கும் பின்னாடி நடந்து போனீங்க. திரும்பினீங்க. ஓடினீங்க.

இடது கைதான் பிடிச்சுது. அந்தக் கை. நாலு விரல், கட்டை விரல் கூட இல்ல. உடம்பு ஒரு பக்கமா சுத்தி முதுகு சுவர்ல மோதிச்சு. வலது கை காத்துல. அப்படியே தொங்கினீங்க. கூட்டத்துல ஒருத்தர் கூடக் கத்தல அண்ணி. கத்தினா அந்தக் காத்துல நீங்க விழுந்துடுவீங்களோன்னு பயந்த மாதிரி. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்கேயோ ஒரு குழந்தை இருமிச்சு.

விழுந்துடுவீங்கன்னுதான் நினைச்சேன். யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க. நான் விழுந்திருப்பேன். நீங்க மெதுவா திரும்பினீங்க. கதவு திறக்கற மாதிரி மெதுவா, உடம்பு சுவரைப் பார்த்து வந்துச்சு. வலது கை மேலே போச்சு. விளிம்பைப் பிடிச்சுது. அப்புறம் நீங்க ஏறினதை ஏறினதுன்னு சொல்ல முடியாது. கிணத்துல இருந்து ஒரு பெரிய பாரத்தை இழுக்கற மாதிரி உங்களை நீங்களே இழுத்தீங்க. முழங்கை. முகவாய். நெஞ்சு. ஒரு முழங்கால். எவ்வளவு நேரம் ஆச்சு, நிமிஷமா, யுகமா, எனக்குத் தெரியாது. நீங்க சுவர் மேல முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தீங்க. உட்கார்ந்து, உள்ளங்கையை அந்த விளிம்பு மேல வெச்சீங்க. சூடு இருக்கான்னு நெத்தியைத் தொட்டுப் பார்க்கற மாதிரி. அப்புறம்தான் எழுந்து, சுவர் ஏறினவங்க அடிக்கற அந்த மணியை அடிச்சீங்க. ஒரே ஒரு தடவை. எல்லாரும் உடைக்கற மாதிரி அடிப்பாங்க. நீங்க தொட்டீங்க, அவ்வளவுதான்.

அடுத்ததா ஓட நின்னிருந்தவன், மலை மாதிரி ஆள், புஜத்துல பச்சை குத்தினவன், தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னான். அதுக்கப்புறம்தான் கூட்டம் வெடிச்சுது.

பதினோரு வருஷம் உங்க பக்கத்துலேயே நின்னிருக்கேன். கட்டுப் போட்டு விட்டிருக்கேன், டைம் பார்த்திருக்கேன், உங்க வியர்வைத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன். ஆனா உங்களை நான் அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன்னு தோணுச்சு. ஒரு மனுஷிக்குள்ள இவ்வளவு இருக்குமா? எங்கே வெச்சிருந்தீங்க?

ஓடி வந்து கட்டிப்பிடிச்சிருப்பேன். ஆனா வராதேன்னு சொல்லியிருந்தீங்க. அந்த நேரத்துல நான் முன்னாடி வந்து நின்னா அது நம்ம சண்டை தீர்ந்த கதையாயிடும். அது உங்க கதையா மட்டும் இருக்கணும்னு தோணுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன்.

வாக்கு மீறினதுக்குத் திட்டுங்க. வந்ததுக்கு நான் வருத்தப்படல. இதைப் பார்க்காம நான் செத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்!

என்னை மன்னிச்சுட்டீங்களான்னு கேட்க இத்தனை நாள் தைரியம் இல்ல. இப்போ கேட்கறேன்.

அணில்

*

மே 3

அடி அணிலே,

நீ வந்தது எனக்குத் தெரியும்.

மேலே நின்னு மணியடிச்சுட்டுத் திரும்பினேன். ஆயிரம் தலை. அதுல ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு தொப்பி. தொப்பி போட்டா ஆள் தெரியாதா? இடுப்புல ஒரு கை வெச்சு, ஒரு காலைச் சாய்ச்சு, லிஃப்ட் வர்றதுக்குக் காத்திருக்கற மாதிரி உலகத்துல வேற எவ நிப்பா? கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன். அந்தக் கூச்சல்ல எனக்கே என் குரல் கேட்கல. நீ முதுகைக் காட்டிக்கிட்டு நடந்துட்டே. பின்பக்கப் படியில இறங்கி, கழுத்துல மெடல் போட வந்த மனுஷரைத் தாண்டி ஓடினேன். உன் அண்ணன் பின்னாலேயே என் செருப்பைக் கையில தூக்கிட்டு ஓடி வந்தார். பஸ் ஸ்டாண்டுல விசாரணைக் கவுண்டர்ல இருந்த ஆள் என்னைப் பார்த்து பயந்துட்டார். வெறுங்கால், நனைஞ்ச சட்டை, முகவாயில ரத்தம். "நாலு மணி பஸ் போயிடுச்சும்மா, போலீஸைக் கூப்பிடணுமா?"ன்னார்.

அங்கே பெஞ்சுல உட்கார்ந்துதான் நானும் உன் அண்ணனும் அழுதோம். சுவர் மேல அழுகை வரல.

எங்கே வெச்சிருந்தீங்கன்னு கேட்டிருக்கே. எனக்கு எங்கே தெரியும். கீழே படுத்திருந்தப்போ வைராக்கியம், அது இதுன்னு நான் ஒண்ணும் நினைக்கல. களைப்பா இருந்துச்சு, படுத்தேன். கீழே படுத்துப் பார்த்தா அந்தச் சுவர் வானத்தோட போய்ச் சேர்ந்த மாதிரி இருந்துச்சு. எவ்வளவு அழகா இருக்குன்னு நினைச்சேன். பதினோரு வருஷமா அதைத் திட்டியிருக்கேன், ஒரு நாள் கூட அப்படிப் பார்த்ததில்ல. கோபம் எல்லாம் வடிஞ்சு போச்சு. சுவர் மேல இருந்தது, வயசு மேல இருந்தது, உன் மேல இருந்தது. சரி, இன்னொரு தடவை போய்ப் பார்ப்போம்னு எழுந்தேன்.

தொங்கினப்போ டாக்டர் சொன்ன வலி வந்துச்சு. அவர் குறைச்சுத்தான் சொல்லியிருக்கார். விட்டுடலாம்னுதான் நினைச்சேன். நான் விட்டுட்டேன், அணில். மனசுல விட்டாச்சு. கை விடல. அது என்னைக் கேட்கல. நான் அந்தக் கையைப் பார்த்தேன், யாரோ வேற ஒருத்தர் கை மாதிரி இருந்துச்சு. அம்பத்தொண்ணு வருஷமா இந்த உடம்போட குடித்தனம் நடத்தறேன். இப்படிப்பட்ட ஆள்னு அது என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. துவைச்சுது, மடிச்சுது, வலிச்சுது, தூங்கிச்சு. அவ்வளவுதான்னு நினைச்சுட்டேன்.

மேலே போனதும் சத்தம் போடக் கூடாதுன்னு தோணுச்சு. பெரிய இடத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி. அதான் மணியை மெல்ல அடிச்சேன்.

திங்கக்கிழமை வேலைக்குப் போனேன். கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்துச்சு. சுளுக்குத்தான், எலும்புக்கு ஒண்ணும் இல்லைன்னார் டாக்டர். அவரே ரெண்டு தடவை என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாண்டரியில பொண்ணுங்க ஒரு வாரம் என்னை ஒரு பை கூடத் தூக்க விடல. அது சுவரை விடக் கஷ்டமா இருக்கு.

மன்னிச்சேனான்னு கேட்டியே. பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வருஷத்தை நீ எடுத்தது எடுத்ததுதான். போன வருஷம் ஓடியிருந்தா ஏறியிருப்பேனா? ஏறியிருக்கலாம். கை ரெண்டா போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? தெரியாத ஒண்ணை நடுவுல வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் முறைச்சுக்கிட்டு நிக்கறது? எனக்குக் கை நோகுது. நீ பயந்து பயந்து எழுதின அந்த ஒரு கடுதாசி இல்லைன்னா நான் இன்னும் துணிதான் காயப் போட்டுட்டிருப்பேன். இதுக்கு மன்னிப்புன்னு பேரா, வேற ஏதாவது பேரான்னு நீயே வெச்சுக்கோ.

மே பதினெட்டு உன் போட்டி. நானும் உன் அண்ணனும் பதினேழாம் தேதியே வர்றோம். வேண்டாம்னு எழுதாதே. எழுதினாலும் வருவேன், உன்னை மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு இல்ல. முன்வரிசையில நின்னு கத்துவேன். வளையத்துல நீ எதுக்கு விழறேன்னு எனக்குத் தெரியும். சுவரை நினைச்சுக்கிட்டே வளையத்துல தொங்கறே. கையில இருக்கற வளையத்தைப் பாரு. மீதியை நேர்ல சொல்றேன்.

அண்ணி

*

மே 9

அண்ணி,

வாங்க.

"அடி அணிலே"ன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. அதுக்கு மேல படிக்க அரை மணி நேரமாச்சு. ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் பெட்டி மேல உட்கார்ந்து படிச்சேன். கீழே ஜனங்க பட்டனை அழுத்தி அழுத்தி, லிஃப்ட் ஏன் வரலைன்னு கத்தினாங்க. வேலை நடக்குதுன்னு கத்தினேன்.

படுக்கை ரெண்டு கடன் வாங்கி வெச்சிருக்கேன். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன், வந்து திட்டாதீங்க. ஊர்ல முப்பத்தெட்டு லிஃப்ட்டை ஓட வெக்கறவ குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் மூணு மாசமா ஓடல. அது வேற கம்பெனி லிஃப்ட், நான் தொடக் கூடாதாம். என் வீடு ஆறாவது மாடி. நீங்க ஏறிடுவீங்க. நாலாவது மாடித் திருப்பத்துல ஒரு நாற்காலி போட்டு வெக்கறேன், அண்ணனுக்கு.

அணில்